‘பாரம்பரியப் பாடல்’ என்று எழுதும் முன்: கிராமியப் பாட்டைப் பதிவு செய்யும் சேனல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

யூடியூப் சேனல்காரர்களுக்கும், ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பிடிக்கும் ஒலிப்பதிவுக்காரர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கேமரா வராமல் இருந்திருந்தால் எத்தனையோ குரல்கள் ஊர் எல்லைக்கல்லோடு நின்றிருக்கும். அதை மறுப்பதற்கில்லை. இந்த மடல் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. வீடியோ ஏறியதும் கீழே ‘பாடல்: பாரம்பரியம்’ என்று ஒரு வரி எழுதுகிறீர்களே, அதைப் பற்றியது. நூறு நாள் வேலையில் வருகைப் பதிவேடு படும் பாட்டைக் கிண்டல் செய்யும் பாட்டுக்குக்கூட அந்த வரிதான் விழுகிறது. அந்தத் திட்டத்துக்கான சட்டமே 2005-இல்தான் வந்தது. பாட்டன் பூட்டன் எப்படி அதைப் பாடியிருப்பார்கள்? கேமரா முன்னால் உட்கார்ந்து பாடுகிற அம்மாதான் அதைக் கட்டியவர். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாட்டுக் கட்டுவது ஒரே நாளில் வருவதில்லை. நடவு வயலிலும் கும்மி வட்டத்திலும் முதலில் கிடைப்பது பின்பாட்டு. முன்பாட்டுக்காரி ஓரடி போடுவார், மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் போடுவார்கள். அப்படிச் சில வருடம் வாங்கி வாங்கி நூற்றுக்கணக்கான அடிகள் நாக்கில் ஏறிவிடும். பிறகு ஒருநாள் முன்பாட்டு கைக்கு வரும். முன்னால் நின்று பாடும்போது அடி மறக்கிற இடம் கட்டாயம் வரும். தாளம் காத்திருக்காது, குனிந்து நடுகிற கைகளும் காத்திருக்காது. அந்த ஒரு மூச்சுக்குள் ஏதாவது ஓரடியைப் போட்டாக வேண்டும். கட்டுகிற பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. அப்புறம் ஊரில் நடந்த சாவு, பஞ்சாயத்துத் தேர்தல், வராத டவுன் பஸ் எல்லாம் பாட்டாகும். இப்போது பல ஊர்களில் நடவு இயந்திரம் வந்து பின்பாட்டு வாங்கும் வயலே இல்லாமல் போய்விட்டது. அடுத்து பாட வருகிற பிள்ளைகள் உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் அடி பிடிக்கிறார்கள். யாரிடம் பிடித்தோம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டாமா?

நாட்டுப்புற ஆய்வாளர் நா. வானமாமலை 1964-இல் கொண்டுவந்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பைப் பிரித்துப் பாருங்கள். பாட்டின் அடியில் உதவியவர், சேகரித்தவர், இடம் என்று விவரம் இருக்கும். வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருளும் போட்டிருப்பார்கள். எல்லாப் பாட்டுக்கும் எல்லா விவரமும் கிடைத்துவிடவில்லைதான். ஆனால் கேட்க வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்கிறது. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்து வேலை அது. யூடியூபில் வீடியோவுக்குக் கீழே 5000 எழுத்து வரை இலவசமாக எழுதலாம். அதில் பெல் பட்டனை அழுத்தச் சொல்லத்தான் இடம் போகிறது.

‘பாரம்பரியம்’ என்ற ஒரு சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா கதை போதும். 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில், கேலோ என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், ‘ம்பூபே’ என்று சிங்கத்தைப் பற்றி ஜூலு மொழியில் ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். உரிமைக்கு அவர் வாங்கிய தொகை 10 ஷில்லிங் என்பதுதான் வழங்கிவரும் கணக்கு. இசைத்தட்டு அமெரிக்காவுக்குப் போனது. ‘உயிம்பூபே’ என்று அவர் பாடியது அங்கே ‘விமோவே’ என்று காதில் விழுந்து, அதுவே பாட்டின் பெயராகவும் ஆனது. ஆப்பிரிக்காவின் பழம்பாட்டு என்றே அங்கே எடுத்துக்கொண்டார்கள். 1961-இல் ஆங்கிலச் சொற்களோடு வெளிவந்து உலகம் முழுக்கப் பரவியது. லிண்டா 1962-இல் ஏழையாகவே இறந்தார். அவருடைய மகள்களுக்கு ஓர் ஒப்பந்தம் கிடைத்தது 2006-இல். அதற்கும் 1911-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு பிடி கிடைத்தது: ஆசிரியர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து உரிமை வாரிசுக்குத் திரும்பும் என்ற விதி. காதில் தப்பாக விழுந்த ஒரு சொல், யாரையும் கேட்காமல் ஒட்டிய ஒரு முத்திரை. இரண்டும் இன்று நம் ஊரிலும் அப்படியே நடக்கின்றன.

சரி, எது பழசு, எது அவர் கட்டியது என்று எப்படித் தெரியும்? உதாரணத்துக்காக நாங்களே கட்டிய சில அடிகள் இவை:

நாத்து முடி எடுத்து நாலு வெரல் பதிச்சு
நட்ட கையி நிக்குதடி வரப்பு மேல – இப்ப
நடவு மிசினு ஓடுதடி வயலு மேல
கூலி குடுத்தாலும் கொலவ போடுமா – அந்தக்
கொம்பில்லாத மாடு வந்து கும்மி பாடுமா

இதில் ‘நாத்து முடி எடுத்து’ பொதுச்சொத்து. நடவுப் பாட்டு தெரிந்த எல்லார் வாயிலும் அது போன்ற தொடக்கம் இருக்கும். ‘தன்னானே’, ‘ஏலேலோ’, ‘ஆராரோ ஆரிரரோ’ எதற்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது. இரண்டாம் அடியில் நட்ட கையை வரப்பில் நிறுத்தியதும், இயந்திரத்தைக் கொம்பில்லாத மாடு என்றதும் கட்டியவருடைய வேலை. பழைய அடியில் காலூன்றிப் புது அடிக்குத் தாவுவதுதான் இந்தக் கலையின் நடை. ஒரு பழைய அடி இருக்கிறது என்பதற்காக முழுப் பாட்டையும் பாரம்பரியக் கணக்கில் எழுதுவது, அம்மிக்கல் பழசு என்பதற்காகச் சட்னியும் பழசு என்பது மாதிரி.

மெட்டு தனிக் கணக்கு. பாவலர் வரதராசன் தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியபோது, சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டில் புதுச் சொல் வைத்தார். கூட்டம் உடனே சேர்ந்து பாடுவதற்கு அதுதான் குறுக்கு வழி. அப்படிக் கட்டிய பாட்டில் சொல்லுக்கு ஓர் ஆசிரியர், மெட்டுக்கு வேறோர் ஆசிரியர். கிராமியப் பாட்டில் மெட்டு ஊருடையதாக இருக்கலாம், பாடுகிறவருடையதாகவும் இருக்கலாம், சினிமாவிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். கடைசி வகையில் கவனம் வேண்டும். சொல் முழுக்க அவருடையதாக இருந்தாலும் மெட்டுக்கு அனுமதி இல்லாமல் வெளியிட்டால் மாட்டுவது நீங்கள்தான். தலைகீழாகவும் நடக்கும். ஊர் மெட்டைச் சினிமா எடுத்துப் பிரபலமாக்கியிருக்கும். பாட்டி தன் ஊர் மெட்டைப் பாடினால் ‘சினிமா மெட்டு’ என்று கமெண்டில் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்.

ஆகவே ரெக்கார்டை ஓட விட்டுக்கொண்டே, பாட்டுக்கு முன்னால் பேச்சாகக் கேளுங்கள். இதை முதலில் யார் பாடிக் கேட்டீர்கள், எந்த ஊரில்? இதில் நீங்கள் போட்ட அடி எது? மெட்டு எங்கிருந்து வந்தது? வேறு யாருக்காவது, எந்த சேனலுக்காவது இதைப் பாடிக் கொடுத்திருக்கிறீர்களா? பாட்டில் வருகிற ஆள் பெயர் நிஜ ஆளா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கொலைச்சிந்து, ஓடிப்போனவர் பாட்டு இவற்றில் உயிரோடிருப்பவர் பெயர் வந்தால் சிக்கல் பாடியவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும், உங்கள் ஸ்டுடியோவில் அல்ல. ‘நீங்களா எழுதினீர்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுய்யா’ என்று பதில் வரும், நீங்கள் ‘பாரம்பரியம்’ என்று குறித்துக்கொள்வீர்கள். ‘நீங்களா கட்டினது?’ என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

இனி ஒலிப்பதிவு. இங்கேதான் பாட்டு அதிகமாகக் காயப்படுகிறது.

முதலில் சுருதி. கீபோர்டைப் போட்டு ‘அஞ்சு கட்டையில் பாடுங்கம்மா’ என்று தொடங்காதீர்கள். எந்தத் துணையும் இல்லாமல் இரண்டு சரணம் பாடச் சொல்லி ஃபோனில் பிடியுங்கள். அவர் உட்காரும் ஆதார சுருதி பெரும்பாலும் ஏதாவது இரண்டு கட்டைக்கு நடுவில் இருக்கும். ஐந்துக்கும் ஐந்தரைக்கும் இடையில் நிற்கிறார் என்றால், கீபோர்டின் மொத்தச் சுருதியையும் நூலிழை நூலிழையாக நகர்த்தும் மாஸ்டர் டியூனை நகர்த்தி அவரிடம் கொண்டுபோங்கள். டிரான்ஸ்போஸ் பட்டன் அரைக் கட்டை அரைக் கட்டையாகத்தான் தாண்டும், இந்த வேலைக்கு உதவாது. ஆர்மோனியம் இருந்தால் அதை நகர்த்த முடியாது. அப்போது அவருக்குக் கீழே உள்ள கட்டையை எடுங்கள், மேலே உள்ளதை வேண்டாம். ஏனென்றால் கூட்டமும் குலவையும் சேரச் சேர மூன்றாவது சரணத்தில் அவரே கொஞ்சம் ஏறுவார். தொடக்கத்திலேயே ஏற்றி வைத்தால் கடைசியில் குரல் உடையும். அந்த ஏற்றம் பிழையல்ல, வயலில் பாடிய பழக்கம். ஆனால் பின்னால் கீபோர்டில் ‘பேட்’ என்கிற இழுவை ஒலி நீளமாக ஒலித்துக்கொண்டிருந்தால் அந்த ஏற்றம் அபசுரமாகக் கேட்கும். பழி பாடகர் மேல் விழும். குரலையும் மேளத்தையும் முதலில் எடுத்துவிட்டு மற்றதைப் பிறகு அதன்மேல் வையுங்கள்.

அடுத்தது கிளிக், அதாவது வேகத்தைக் கட்டிவைக்கும் தாளச் சத்தம். ஹெட்ஃபோனில் டிக் டிக் என்று ஓட விட்டால் முன்பாட்டுக்காரருக்கு அடி மறந்துவிடும். அவர் மூச்சு தீரும் வரை ஈற்றை இழுப்பார், எடுத்துக்கொண்டு அடுத்த அடிக்கு வருவார். கிளிக் அதற்குக் காத்திருக்காது. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் கிளிக் போடவே கூடாது, அவற்றின் நடை தாளக் கட்டுக்குள் இல்லை. கும்மிக்கும் நடவுப் பாட்டுக்கும் தாளம் உண்டு, ஆனால் வேகம் மெதுவாக ஏறும். உறுமிக்காரரோ டோலக்குக்காரரோ எதிரில் உட்கார்ந்து கண்ணைப் பார்த்து வாசிக்கட்டும். பிறகு மென்பொருளில் அந்த வாசிப்பின் மேல் டெம்போ கோட்டை வரைந்துகொள்ளலாம். அரைமணி நேர வேலை. அதற்குச் சோம்பல்பட்டு, திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஆயத்தத் தாளத் துண்டான லூப்பை ஓட விடுவதால்தான் பத்து ஊர்ப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரிக் கேட்கிறது.

மைக் லெவலை அவர் பேசுவதை வைத்து அமைக்காதீர்கள். முதல் குலவையிலேயே ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுச் சிதைந்துவிடும், அந்த இடத்தைப் பிறகு சரிசெய்யவே முடியாது. பாட்டிலேயே உரக்கப் போகிற இடத்தை முதலில் பாடச் சொல்லி, அங்கே முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். 24 பிட்டில் பதிந்தால் மெல்லிய இடத்தைப் பின்னால் தூக்கிக்கொள்ளலாம். வாயிலிருந்து மைக் ஒரு சாண் தூரம், குலவைக்கு இரண்டு சாண். சுவரில் டைல்ஸ் ஒட்டிய மண்டபம் வேண்டாம். ஓட்டு வீட்டுத் திண்ணையில் நாலு நெல் மூட்டை அடுக்கியிருந்தால் அது எந்த ஸ்டுடியோவுக்கும் குறைந்ததல்ல. கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. தனிப்பாட்டுக்குச் சரி. கும்மியில் வளையல் சத்தம் தாளத்தில் ஒரு பங்கு, இருக்கட்டும்.

பறை இருந்தால் கூடுதல் அரைமணி ஒதுக்குங்கள். தோல் ஈரம் வாங்கினால் தொய்யும். மழைநாளிலும் மார்கழிப் பனியிலும் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சாமல் சத்தம் எழாது. ஸ்டுடியோவுக்குள் நெருப்பு மூட்ட முடியாது. வெளியே காய்ச்சி உள்ளே கொண்டுவந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கிவிடும். இரண்டு பறை இருந்தால் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று மாற்றி மாற்றி எடுக்கலாம். ‘ஒரு டேக்கில் கணீரென்று இருந்தது, அடுத்ததில் மொத்தென்று இருக்கிறது’ என்று அடிப்பவரைக் குறை சொல்வதற்கு முன் தோலைத் தொட்டுப் பாருங்கள். மைக்கைத் தோலுக்கு நேர் எதிரே ஒட்டி வைத்தால் அடிக்குச்சியின் மொத்து மட்டும் விழும். சிம்புக்குச்சியின் வெட்டு காணாமல் போகும். ஒன்றரை அடி தள்ளி, சற்றே சாய்த்து வையுங்கள். மெல்லிய ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டால் மெல்லிய சிம்பு அடிகள் எல்லாம் அறுந்துவிடும்.

உறுமிக்கு இன்னொரு ஆபத்து. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்புகிற அந்த உறுமலை, இரைச்சல் நீக்கும் மென்பொருள் இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். ஒரே சொடுக்கில் துடைத்துவிடும். மிஞ்சுவது ஒரு சாதாரண மத்தளச் சத்தம். அதே மென்பொருள் பாடகரின் மூச்சையும் தின்றுவிடும், பாட்டு ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பம்புசெட் ஓடாத நேரமாகப் பார்த்து எடுத்தால் இந்த மென்பொருளுக்கே வேலையில்லை.

சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூனைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஒப்பாரியில் காந்தாரம் என்ற ‘க’ சுரம் நிற்கிற இடம் கீபோர்டின் பன்னிரண்டு கட்டைகளில் எதிலும் இல்லை. மென்பொருள் அதைப் பக்கத்துக் கட்டைக்கு இழுத்துவிடும். அழுகை போய்விடும்.

பாடல் வரிகளைத் திரையில் ஓட விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘வெரல்’ என்று பாடியதை ‘விரல்’ என்று திருத்துவது உதவி அல்ல. மேலே காட்டிய அடியில் ‘நட்ட கையி’ என்பதை ‘நட்ட கை’ என்று திருத்திப் பாடிப் பாருங்கள், தாளத்தில் ஓர் அசை காலியாகி நொண்டும். அந்த ‘யி’ கொச்சை அல்ல, எண்ணிப் போட்ட எழுத்து. புரியாத சொல்லை ஊகித்து எழுதாதீர்கள். பாடியவருக்கே போன் போட்டுக் கேளுங்கள், இரண்டு நிமிடம். ‘கும்மி பாடுமா’ என்பது ‘கும்பி வாடுமா’ என்று ஒருமுறை திரையில் வந்துவிட்டால் பிறகு அதுதான் பாட்டு. நாளைக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகள் கும்பி வாடித்தான் ஆடுவார்கள்.

இப்போது காகிதம். ‘கிராமத்து அம்மாவிடம் அக்ரிமெண்ட்டா?’ என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இசையமைப்பாளர் யார் என்று சொல்லும்போது, இசைக் குறிப்பாக எழுதி வைத்தாரா இல்லையா என்பது கணக்கே இல்லை என்கிறது. சுரம் எழுதத் தெரியாதவரும் சட்டத்தின் கண்ணில் இசையமைப்பாளர்தான். சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமை, கட்டியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். பாடியதற்கு நிகழ்த்துநர் உரிமை தனியாக 50 ஆண்டு. நீங்கள் செலவழித்து எடுத்த ஒலிப்பதிவு உங்களுடையது, அதில் தகராறு இல்லை. ஒலிப்பதிவு உங்களுடையது என்பதால் பாட்டும் உங்களுடையது ஆகிவிடாது. பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது.

அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படியுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்து, கொடுப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதவில்லையென்றால் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதவில்லையென்றால் இந்தியாவுக்கு மட்டும். யூடியூபோ உலகம் முழுக்க ஓடுகிறது. ஆக, டீக்கடையில் பேசி முடித்து ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் கொடுத்து ‘எல்லா உரிமையும் எனக்கு’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர் கையில் உண்மையில் ஒன்றும் இல்லை. 2012-இல் வந்த திருத்தம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. பாட்டாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் அந்த வரி செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதைக் கொடுக்கலாம். ஆகவே காகிதம் அவருக்கு மட்டும் காவல் இல்லை, உங்களுக்கும்தான்.

ஒரு பக்கம் போதும், தமிழில். பாட்டின் முதல் அடி, சொல் யார், மெட்டு யார், பாடியவர் யார், மேளம் யார். எந்தெந்தத் தளத்தில் வெளியிடலாம், எத்தனை ஆண்டு, எந்தெந்த நாட்டுக்கு. இன்று கையில் கொடுத்த தொகை, பிறகு வருவதில் யாருக்கு எவ்வளவு, எந்த மாதம் கொடுப்பது. விளம்பரத்துக்கோ சினிமாவுக்கோ யாராவது கேட்டு வந்தால் அவரைக் கேட்காமல் கொடுப்பதில்லை என்று ஒரு வரி. படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டுப் பிள்ளை ஒருவரை உடன் வைத்துக்கொண்டு உரக்கப் படித்துக் காட்டி, அதையும் பதிவு செய்து, இரண்டு பிரதியில் கைநாட்டு. ஒரு பிரதி அவர் வீட்டு டிரங்குப் பெட்டிக்குப் போக வேண்டும்.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பதியாவிட்டாலும் உரிமை உண்டு. பதிவது சண்டை வரும்போது சான்றாக நிற்கும். இலக்கிய, இசைப் படைப்புக்கு ஒன்றுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாய். விண்ணப்பித்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை இருந்தால் பாட்டுக்கும் பாதுகாப்பு என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அட்டை ஆளுக்கு, பாட்டுக்கு அல்ல. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தோதான ஆள் இல்லை.

ராயல்டி வாங்கித் தரும் அமைப்புகளிலும் ஒரு பிரிவு உண்டு. 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் பாட்டாசிரியர், இசையமைப்பாளர், பதிப்பாளருக்கானது. பாடகருக்கு இஸாம்ரா. தானே கட்டித் தானே பாடுகிறவர் இரண்டிலும் சேர வேண்டும். ஒன்றில் சேர்ந்தால் போதும் என்று பாதிப் பணத்தை விடுகிறவர்கள்தான் அதிகம். சேரும்போது பெயர் ஒரு பெரிய பள்ளம். பான் அட்டையில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி, உங்கள் வீடியோவில் வேறு மாதிரி. ‘லட்சுமி’ என்ற பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். எழுத்து பொருந்தாவிட்டால் கணினி அவரை வேறு ஆள் என்று ஒதுக்கிவிடும், பணம் ஆளில்லாக் கணக்கில் கிடக்கும். பான் அட்டையில் உள்ள எழுத்தையே எல்லா இடத்திலும் போடுங்கள்.

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் விநியோகஸ்தர் படிவத்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று கட்டங்கள் வரும். அவசரத்தில் ‘டிரெடிஷனல்’ அல்லது ‘பப்ளிக் டொமைன்’ என்று தட்டிவிட்டால், ஆசிரியருக்கு வர வேண்டிய பங்கு யாருக்கும் போகாது. ஒலிப்பதிவின் அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண் பன்னிரண்டு எழுத்து கொண்டது, ஓர் ஒலிப்பதிவுக்கு ஒன்று. விநியோகஸ்தரை மாற்றும்போது பழைய எண்ணையே கொடுங்கள். புது எண் வாங்கினால் ஒரே பாட்டு இரண்டாகப் பிரிந்து கணக்கு சிதறும்.

ஒருவர் ஒலி இன்னொருவர் வீடியோவில் வந்தால் தானாகவே கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடி இன்னொரு தலைவலி. நீங்கள் எங்கிருந்தோ எடுத்த இலவச டிரம் லூப்பைப் போட்டுப் பாட்டைச் செய்து, கன்டென்ட் ஐடியிலும் சேர்த்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அதே லூப்பைப் போட்ட பக்கத்து ஊர்க்காரர் வீடியோ எல்லாம் உங்கள் பெயரில் மாட்டும். பாடியவர் தன் ஃபோனில் எடுத்துத் தன் சொந்தப் பக்கத்தில் போட்டதைக்கூட மாட்டிவிடும். அவர் மறுப்புக் கொடுத்தால் பதில் சொல்ல உங்களுக்கு 30 நாள். அந்த 30 நாளும் பேசாமல் இருந்துவிடுவது இங்கே பழகிப்போன தந்திரம். திருவிழாப் பருவத்தில் 30 நாள் என்பது ஒரு வருட வருமானம். லூப் இருக்கும் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். கட்டியவருடைய சேனல் முகவரியை விலக்குப் பட்டியலில் முதலிலேயே போட்டுவையுங்கள்.

பணம் பற்றிக் கூச்சப்படாமல் பேசலாம். நீளமான வீடியோவின் விளம்பர வருமானத்தில் யூடியூப் உங்களுக்குத் தருவது 55 சதம். 100 டாலரைத் தாண்டினால் மாதம் 21-ஆம் தேதியிலிருந்து 26-க்குள் கணக்கில் விழும். வண்டி வாடகை, கேமரா, எடிட்டிங் எல்லாம் உங்கள் கைக்காசு என்பது தெரியும், பல வீடியோ முதலையே திருப்பாது என்பதும் தெரியும். அதனால்தான் பங்கை விகிதமாகப் பேசச் சொல்கிறோம். ஓடாத பாட்டுக்கு யாரும் கேட்கப்போவதில்லை. ஓடிய பாட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்த வீடியோவின் வருமானப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து அனுப்பி, பங்கைப் போட்டுவிடுங்கள். சொல்லும் மெட்டும் அவருடையது, பாடியதும் அவர் என்றால் பங்கு மூன்று கணக்கில் வரும். சொல் மட்டும் அவருடையது என்றால் அதற்கேற்ப. மேளக்காரருக்கு அன்றே கூலி, பறை காய்ச்சிய அரைமணியும் சேர்த்து.

ஏற்கெனவே ஏற்றிய வீடியோக்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அழிக்க வேண்டாம். கீழே உள்ள வரியை மட்டும் திருத்துங்கள், எத்தனை வருடம் கழித்தும் அதைத் திருத்தலாம். ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் ‘பாடியவர்: பெயர் கேட்டு எழுதப்படும், இடம்: இன்ன ஊர், பதிந்த நாள்: இன்ன தேதி’ என்றாவது போடுங்கள். பேரனோ பேத்தியோ ஒருநாள் தேடி வந்து கமெண்டில் எழுதுவார்கள்.

புதிதாக ஏற்றுவதற்கு இந்த அளவு போதும்:

சொல்: இன்னார். மெட்டு: இன்ன ஊர் நடவு மெட்டு. முன்பாட்டு: இன்னார். பின்பாட்டு: இன்னார், இன்னார். உறுமி: இன்னார். பறை: இன்னார். தொடக்க அடி யாரிடம் கேட்டது: இன்னாருடைய தாயார். பதிந்த இடம், நாள்.

வீடியோ வெளியாகிற அன்று காலையில் முதல் பிரதி அவருக்குப் போகட்டும். ஸ்மார்ட்போன் இல்லாதவர் என்றால் பக்கத்து வீட்டுப் பையன் ஃபோனுக்கு, கூடவே ஒரு பென் டிரைவில் சுருக்காத ஒலிக்கோப்பு. எந்த அடி தப்பாக எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகு பட்டனை அழுத்துங்கள்.

இப்படிக்கு,
பாட்டுக் கட்டுவோர், மேளக்காரர்கள், ஒலிப்பதிவு வேலை பார்ப்போர் சிலர்